உங்களுக்குத் தெரியுமா? கால் நனைக்கும் முன் கடலைப் பற்றிக் கொஞ்சம்

● ஒரு கடற்கரையில் குளிக்கலாமா கூடாதா என்பதை உலகின் பல நாடுகளில் தீர்மானிப்பது வெறும் 100 மில்லி தண்ணீர். டீக்கடை கிளாஸ் ஒன்றில் பிடிக்கிற அளவுதான். அந்த நூறு மில்லியில் என்டெரோகாக்கஸ் என்ற பாக்டீரியா எத்தனை இருக்கிறது என்று எண்ணுகிறார்கள். மனிதர், மாடு, நாய், பறவை எல்லாவற்றின் குடலிலும் குடியிருப்பது இது. உப்புத் தண்ணீரில் மற்ற பல குடல் கிருமிகளைவிடக் கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கும். கடலில் குளித்து வந்தவருக்கு வாந்தி பேதி வந்தால், பெரும்பாலும் அதற்குக் காரணம் இந்தப் பாக்டீரியா அல்ல, கழிவோடு சேர்ந்து வந்த வைரஸ்கள். ஆனால் ஒவ்வொரு வைரஸையும் தனித்தனியே தேடிப் பிடிக்க நேரமும் பணமும் போதாது. புகையைப் பார்த்து நெருப்பைச் சொல்கிற கதைதான். என்டெரோகாக்கஸ் இருக்கிறதென்றால் யாருடைய கழிவோ அந்தத் தண்ணீருக்கு வந்திருக்கிறது.

● அந்த எண்ணிக்கை எவ்வளவு வரை போகலாம்? அமெரிக்காவின் அளவுகோல்படி தொடர்ந்து எடுத்த மாதிரிகளின் சராசரி, நூறு மில்லிக்கு 35ஐத் தாண்டக் கூடாது. கலிஃபோர்னியாவில் ஒரே ஒரு மாதிரி 104ஐத் தாண்டினாலும் மணலில் எச்சரிக்கைப் பலகை நட வேண்டும். ஐரோப்பாவில் 100க்குள் இருந்தால்தான் கடலுக்கு முதல் தரம் கிடைக்கும். இந்தியாவிலும் அளவுகோல் உண்டு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், குளிக்கத் தகுந்த கடல்நீரை ‘எஸ்.டபிள்யூ – 2’ என்று தனி வகையாகப் பிரித்து, மலக்கழிவைக் காட்டும் கோலிஃபார்ம் பாக்டீரியா நூறு மில்லிக்கு 100 என்று வரம்பு வைத்திருக்கிறது. ஆக, எண் இல்லாத ஊர் இல்லை. அந்த எண் குளிக்கப் போகிறவரின் கண்ணில் படுகிறதா என்பதுதான் கேள்வி. நான் வாரம் தவறாமல் போகிற நகரக் கடற்கரையில் சுண்டல் விலை எழுதிய பலகை இருக்கிறது, வாகன நிறுத்தக் கட்டணப் பலகை இருக்கிறது. தண்ணீரைப் பற்றி ஒரு வரி எழுதிய பலகையை நான் பார்த்ததில்லை.

● தண்ணீர் தெளிவாக இருந்தால் சுத்தம் என்று அர்த்தமில்லை. கலங்கியிருந்தால் அசுத்தம் என்றும் அர்த்தமில்லை. அலை கிளப்பிய மணலால் மட்டுமே கலங்கிய கடல் உண்டு. கண்ணாடிபோல் பளிச்சென்றிருந்தும் பரிசோதனையில் தேறாத கடலும் உண்டு.

● மாதிரி எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் அதன் பொறுமை புரியும். கிருமி நீக்கிய பாட்டிலை மூடியோடு கொண்டுபோய், கணுக்காலோ முழங்காலோ நனையும் ஆழத்தில் நின்று, எதிரே வருகிற அலையில் வாய் கீழ்நோக்க அமிழ்த்தித் தன்னைவிட்டு விலக்கி அள்ள வேண்டும். ஏற்கெனவே நம் கால் கலக்கிய தண்ணீர் உள்ளே வரக் கூடாது. உடனே ஐஸ் பெட்டி. ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வகம். அங்கே அதை நல்ல தண்ணீரில் பத்து மடங்கு நீர்க்கச் செய்து, ஒரு தூளைப் போட்டுக் கலக்கி, 97 சின்னச் சின்னக் குழிகள் கொண்ட தட்டில் ஊற்றி மூடி, 41 டிகிரி சூட்டில் வைப்பார்கள். ஒரு முழு நாள் கழித்து இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டினால், பாக்டீரியா வளர்ந்த குழிகள் மட்டும் நீலமாக ஒளிரும். ஒளிர்ந்த குழிகளை எண்ணி, அட்டவணையைப் பார்த்து, எண்ணைச் சொல்வார்கள்.

அந்த ‘ஒரு முழு நாள்’ என்பதைக் கவனியுங்கள். இன்று காலை எடுத்த மாதிரிக்கு நாளைக் காலையில்தான் விடை. அதற்குள் இன்று மாலை வந்த கூட்டம் குளித்துவிட்டு வீடு போய்ச் சேர்ந்திருக்கும். நேற்றைய கடலுக்குத்தான் இன்றைக்குச் சான்றிதழ். அமெரிக்காவின் சான் டியேகோ மாவட்டம் 2022ல் பாக்டீரியாவின் மரபணுவையே நேரடியாக எண்ணும் முறைக்கு மாறியது. காலையில் எடுத்தால் அன்றைக்கே பலகை நட்டுவிடலாம்.

● மழை பெய்து மூன்று நாள், அதாவது 72 மணி நேரம், கடலில் இறங்காதீர்கள். லாஸ் ஏஞ்சலஸ் சுகாதாரத் துறை ஒவ்வொரு மழைக்கும் விடுகிற அறிவிப்பு இது. அந்த ஊரில் பாதாளச் சாக்கடை தனி, மழைநீர் வடிகால் தனி. சாக்கடை சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். மழைநீர் நேராகக் கடலுக்குப் போகும். வெயில் காலம் முழுக்கத் தெருவில் சேர்ந்த நாய்க் கழிவு, எண்ணெய், குப்பை எல்லாவற்றையும் முதல் மழை ஒரே மூச்சில் வழித்துக்கொண்டு போய்க் கடலில் கொட்டிவிடும்.

சென்னையிலும் ஏட்டில் இரண்டும் தனித்தனிக் குழாய்கள்தான். ஆனால் மழைநீர் வடிகாலில் திருட்டுத்தனமாகக் கழிவுநீர் இணைப்பு கொடுத்த கட்டடங்களை மாநகராட்சி கண்டுபிடித்து அபராதம் போடுகிற செய்தி அடிக்கடி வருகிறது. வடிகால் போய்ச் சேர்வது பக்கிங்காம் கால்வாய், கூவம், அடையாறு. அவை போய்ச் சேர்வது நேப்பியர் பாலத்துக்கும் சீனிவாசபுரத்துக்கும் கிழக்கே இருக்கிற கடல். கோடையில் ஆற்று முகத்தை மணல் திட்டு அடைத்துக்கொண்டிருக்கும். ஐப்பசி மழையில் அது உடைகிற நாளில், உள்ளே தேங்கிக் கிடந்ததெல்லாம் ஒன்றாக வெளியே வரும். மழை விட்டதும் ‘கிளைமேட் நல்லா இருக்கு, பீச்சுக்குப் போலாமா’ என்று கிளம்புவோமே, தண்ணீர் மிக மோசமாக இருக்கும் நாள் அதுதான். மணலில் உட்காருங்கள். காற்று வாங்குங்கள். இறங்க மட்டும் வேண்டாம்.

● 1995ல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துச் சாந்தா மோனிகா விரிகுடாவில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. கடலில் குளித்தவர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கரையிலேயே சந்தித்து, எங்கே குளித்தார்கள் என்று குறித்துக்கொண்டு, சில நாள் கழித்து தொலைபேசியில் உடம்பு எப்படி என்று கேட்டார்கள். வடிகால் கடலில் சேர்கிற வாயருகே குளித்தவர்களுக்குக் காய்ச்சல், குளிர் நடுக்கம், வாந்தி, சளி இருமல், காதில் சீழ் ஆகியவை கூடுதலாக இருந்தன. அதே கடலில் 400 கஜம் தள்ளிக் குளித்தவர்களுக்கு அவ்வளவு இல்லை.

400 கஜம் என்றால் நடந்து ஐந்து நிமிடம்கூட ஆகாது. இந்த ஆய்வைப் படித்தபோது எனக்கு என் தம்பியின் காது நினைவுக்கு வந்தது. சின்ன வயதில் ஒரு விடுமுறையில், கடலில் வந்து சேரும் ஓடை போன்ற ஒன்றின் பக்கத்தில்தான் நாங்கள் விளையாடினோம். ஆழம் இல்லை, குழந்தைகளுக்குப் பாதுகாப்பு என்று பெரியவர்களே காட்டிய இடம். ஒரு வாரம் அவன் காதைப் பொத்திக்கொண்டு அழுதான். ‘கடல் தண்ணி காதுல போயிடுச்சு’ என்றார்கள். அது கடல் தண்ணீர்தானா என்று யாரும் கேட்கவில்லை.

● குழந்தைகள் பெரியவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் தண்ணீர் விழுங்குகிறார்கள். நீச்சல் குளத்தில் அளந்து பார்த்ததில், முக்கால் மணி நேரத்தில் பெரியவர்கள் சராசரியாக 16 மில்லியும் குழந்தைகள் 37 மில்லியும் விழுங்கியிருந்தார்கள். முப்பத்தேழு மில்லி என்பது இரண்டு மேஜைக் கரண்டிக்கும் மேலே.

● காலைக் கடலைவிட மதியக் கடலில் கிருமி எண்ணிக்கை குறைவாக இருப்பது வழக்கம். வெயிலின் புற ஊதாக் கதிர் கொன்றுவிடுகிறது. மணலுக்குள் அந்த வசதி இல்லை. ஈரமும் நிழலும் கிடைப்பதால், பல கடற்கரைகளில் ஈர மணலில் இருக்கிற எண்ணிக்கை பக்கத்துத் தண்ணீரில் இருப்பதைவிட அதிகம். மணல் வீடு கட்டிய கையைக் கழுவிய பிறகு மிளகாய் பஜ்ஜியைக் கொடுங்கள்.

● காலில் வெட்டுக்காயமோ ஆறாத புண்ணோ இருந்தால் கடல் வேண்டாம். சர்க்கரை நோயாளிகளும் ஈரல் பாதிப்பு உள்ளவர்களும் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும். வெதுவெதுப்பான கடலோரத் தண்ணீரில் இயல்பாகவே வாழும் விப்ரியோ வகைப் பாக்டீரியா சில, காயத்தின் வழி நுழைந்தால் ஓரிரு நாளில் உயிருக்கே உலை வைக்கும். உப்புத் தண்ணீர் புண்ணை ஆற்றும் என்ற நம்பிக்கையைத் தள்ளிவையுங்கள்.

● இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் அலைச்சறுக்கு வீரர்களைப் பரிசோதித்து, 2018ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வகை ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்படாத ஈ.கோலை பாக்டீரியா, 9 சதவீதம் வீரர்களின் குடலில் இருந்தது. அலைச்சறுக்கில் ஈடுபடாதவர்களில் அது 3 சதவீதம்தான். அலைச்சறுக்கில் விழுந்து விழுந்து எழுகிறவர்கள் அவ்வளவு கடல்நீரை விழுங்குகிறார்கள்.

● உலகம் அறிந்த சிட்னியின் போண்டி கடற்கரையில், 1990களின் தொடக்கம் வரை நகரத்துச் சாக்கடை பாறை விளிம்பிலேயே கடலில் கலந்தது. நீந்துகிறவர்கள் பக்கத்தில் மிதந்து வந்ததற்கு உள்ளூர்க்காரர்கள் வைத்திருந்த பெயர் ‘போண்டி சுருட்டு’. மக்கள் கொதித்தார்கள். 1989ல் ‘பீச்வாட்ச்’ என்ற அரசுத் திட்டம் தொடங்கி, நீர்த் தரத்தைப் பொதுமக்களுக்கு அறிவிக்க ஆரம்பித்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் நார்த் ஹெட், போண்டி, மலபார் என்ற மூன்று இடங்களிலிருந்தும் கடலுக்கு அடியில் குழாய் போட்டு, கரையிலிருந்து இரண்டு முதல் நான்கு கிலோமீட்டர் தள்ளி, 60 முதல் 80 மீட்டர் ஆழத்தில் கழிவை விட்டார்கள். கரைத் தண்ணீர் கண்கூடாகத் தெளிந்தது. (ஆமாம், சிட்னியிலும் ஒரு மலபார் உண்டு.)

ஆனால் தள்ளிவைத்தது தீர்த்துவைத்ததாகாது. 2024 அக்டோபரில் சிட்னியின் கூஜி கடற்கரையில் கறுப்பு உருண்டைகள் ஆயிரக்கணக்கில் ஒதுங்கின. கப்பல் கசிவில் வந்த தார் என்று முதலில் நினைத்தார்கள். பல்கலைக்கழக ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்தால் சமையல் எண்ணெய், கொழுப்பு, சோப்புக் கசடு, தலைமுடி, மலம், மருந்துகளின் மிச்சம். வாணலியில் மிஞ்சியதை நேரே தொட்டியில் கவிழ்க்கிறோம் அல்லவா, அது குழாய்க்குள் உறைந்து, உருண்டு, கடல் வழியாகத் திரும்பி வந்திருந்தது.

● லாஸ் ஏஞ்சலஸுக்கு மறுபடி வருவோம். அந்த ஊர்க் கதையில் எனக்குப் பிடித்த பகுதி ஒன்று இருக்கிறது. ஹைப்பீரியன் என்ற பெரிய சுத்திகரிப்பு நிலையம், சாக்கடைக் கசட்டை 1987 வரை குழாய் வழியே விரிகுடாவில் கொட்டிக்கொண்டிருந்தது. கடலடியில் ஒரு பெரும் பரப்பு உயிரற்றுப் போனது. 1985ல் டாரதி கிரீன் என்ற பெண்மணியின் வீட்டுக் கூடத்தில் கூடியவர்கள் ‘ஹீல் த பே’ என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். விரிகுடாவைக் குணப்படுத்து என்று பொருள். போராடினார்கள், வழக்குக்குத் துணை நின்றார்கள். கசடு கொட்டுவது நின்றது. 1998க்குள் முழுக் கழிவும் இரண்டாம் கட்டச் சுத்திகரிப்புக்கு வந்தது.

இன்னொன்றும் செய்தார்கள். பள்ளிக்கூட ரேங்க் கார்டு மாதிரி ஒவ்வொரு கடற்கரைக்கும் ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரை மதிப்பெண் போட்டு வெளியிட்டார்கள். ஆய்வக எண் படிக்கத் தெரியாதவருக்கும் ‘எஃப்’ என்றால் புரியும். தங்கள் ஊர்க் கடற்கரை ஃபெயில் என்று செய்தித்தாளில் வந்தால் மேயருக்கும் புரியும். 1997ல் கலிஃபோர்னியா சட்டமே போட்டது. ஆண்டுக்கு 50,000 பேருக்கு மேல் வருகிற, வடிகால் சேர்கிற கடற்கரைகளில் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வாரம் ஒரு முறை சோதித்தே ஆக வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் 2021 ஜூலையில் அதே ஹைப்பீரியனில் குப்பை அடைத்துக்கொண்டு, ஒரு கோடி கேலனுக்கும் மேல் கழிவு சுத்திகரிக்கப்படாமல் ஒரே இரவில் கடலுக்குப் போனது. கடற்கரைகளை மூடினார்கள். விஷயம் அன்றைக்கே மக்களுக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை என்பதுதான் பிறகு பெரிய புகாராக எழுந்தது. கழிவு கொட்டியதற்கு இணையான கோபம், சொல்லாமல் விட்டதற்கும் வந்தது. நியாயமான கோபம்.

● இனி மெரினா. இந்த அகலமான மணல் முழுக்க இயற்கை தந்தது என்று நினைக்கிறோம். முன்பு அலை இன்றைய சாலைக்கு வெகு பக்கத்தில் வந்து போய்க்கொண்டிருந்தது. 1870களில் துறைமுகம் கட்டத் தொடங்கிக் கல் சுவர்களைக் கடலுக்குள் நீட்டினார்கள். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவரில் முட்டிய மணல் தெற்கே தேங்கி மெரினா அகலமானது. 1884ல் ஆளுநர் கிரான்ட் டஃப் நடைபாதை அமைத்து ‘மெரினா’ என்று பெயர் வைத்தார். அந்த மணல் கிடைக்காமல் போன வடக்குப் பக்கம், ராயபுரம் தொடங்கி, கரை அரித்துக் கல்லைக் கொட்டி நிற்கிறது. நம்முடைய உலாவுக்கான மணல், வடசென்னை மீனவர் இழந்த மணல்.

● மெரினாவில் ஒரு சாயங்காலம். இரண்டு இடங்களில் அலை வெள்ளையாக நுரைத்து உடைந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு பத்துப் பதினைந்து அடிக்கு மட்டும் அலையே உடையவில்லை. சற்றுக் கருமையாக, சாதுவாக இருந்தது. கல்லூரிப் பையன்கள் நான்கு பேர் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு, ‘இங்க அலை இல்லடா’ என்று சரியாக அந்த இடத்துக்கே நடந்தார்கள். படகில் வலை சரிசெய்துகொண்டிருந்த பெரியவர் எழுந்து நின்று கத்தினார்: “தம்பி, அங்க போவாத! அங்கதான் இழுக்கும்!”

அவர் சொன்னதைத்தான் விஞ்ஞானம் ‘ரிப் கரண்ட்’ என்கிறது, இழுவை நீரோட்டம். அலைகள் கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கிற தண்ணீர் திரும்பிப் போயாக வேண்டும். மணல் திட்டுகளுக்கு இடையே பள்ளம் எங்கே இருக்கிறதோ அந்த வழியாக ஆறுபோல உள்ளே பாயும். பள்ளம் ஆழமாக இருப்பதால் அங்கே அலை உடையாது. அதனால்தான் அது பார்வைக்குச் சாதுவாக இருக்கிறது. வேகம் சில நேரம் நொடிக்கு இரண்டு மீட்டரையும் தாண்டும். ஒலிம்பிக் வீரரே எதிர்த்து நீந்தினாலும் ஜெயிக்க முடியாது. இது ஆளைக் கீழே அமிழ்த்துவதில்லை, உள்ளே கொண்டுபோகிறது. கரையைப் பார்த்து நீந்தி நீந்திக் களைத்துப் போவதால்தான் உயிர் போகிறது. மாட்டிக்கொண்டால் மல்லாந்து மிதந்து கையை ஆட்டுங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்துங்கள். ஓட்டத்தின் அகலம் அதிகமிருக்காது. அதைத் தாண்டிவிட்டால் அலையே உங்களைக் கரைக்குத் தள்ளும்.

கரையில் நிற்பவர் ஒருபோதும் குதிக்கக் கூடாது. காலி தண்ணீர் கேன், பந்து, டியூப், எது மிதக்குமோ அதை வீசுங்கள். ஒருவரைக் காப்பாற்றப் போய் இரண்டு பேர், மூன்று பேர் என்று நம் ஊரில் போன உயிர்கள் எத்தனை.

அந்தப் பையன்கள் திரும்பி வந்துவிட்டார்கள். பெரியவர் மறுபடி வலைக்கு உட்கார்ந்தார். கடலின் ஓட்டங்களுக்குச் சென்னை மீனவர்கள் திசைக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள், வன்னி, தெண்டி என்று. எந்தக் கடற்கரைக்குப் போனாலும் முதலில் பார்க்க வேண்டிய அதிகாரி கரையில் உட்கார்ந்திருக்கிற மீனவர்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

● மூழ்குகிறவர் சினிமாவில் வருவதுபோல் ‘காப்பாத்துங்க’ என்று கத்துவதில்லை. மூச்சுக்கே வாய் போதாதபோது குரல் எழாது. கையை உயர்த்தவும் முடியாது, தண்ணீரை அழுத்தவே கை வேண்டியிருக்கிறது. உடம்பு நெட்டுக்குத்தாக, தலை பின்னே சாய்ந்து, ஏணி ஏறுவதுபோல இருக்கும். இருபது முதல் அறுபது நொடி. சத்தமாக விளையாடிய பிள்ளை திடீரென்று அமைதியானால் அந்த நொடியே பாருங்கள்.

● அமைதியான வானம், காற்றில்லை, புயலில்லை, திடீரென்று கடல் எழும்பிக் கரை மேல் ஏறும். கள்ளன்போல் வருவதால் இதற்குக் கேரளக் கரையில் ‘கள்ளக்கடல்’ என்று பெயர். 2012ல் யுனெஸ்கோவே இந்தச் சொல்லை அறிவியல் பயன்பாட்டுக்கு ஏற்றுக்கொண்டது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குத் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசிய புயலின் அலை நாள்கணக்கில் பயணம் செய்து வந்து சேர்வதுதான் இது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் இதை முன்கூட்டியே கணித்து எச்சரிக்கிறது.

2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். எச்சரிக்கை அந்த நாளுக்கு ஏற்கெனவே விடப்பட்டிருந்தது. வெளியூரிலிருந்து கல்யாணத்துக்கு வந்திருந்த பிள்ளைகள் அவர்கள். இத்தனை கணக்குப் போட்டு, இவ்வளவு முன்னதாகச் சொல்லப்பட்ட செய்தி, கடைசி நூறு அடியில், மணலில் கால் வைத்த அந்தப் பிள்ளைகளிடம் போய்ச் சேரவில்லை. எழுதும்போதே மனம் கனக்கிறது.

● சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடிகள் இரண்டு நட்டிருந்தால், அவற்றுக்கு நடுவே மட்டும் குளிக்கலாம், உயிர்காப்பாளர் கண் அங்கேதான் இருக்கும். தனிச் சிவப்பு என்றால் ஆபத்து. இரட்டைச் சிவப்பு, கடல் மூடியிருக்கிறது. ஊதா நிறம், சொறி மீன் போன்ற கொட்டும் உயிரினங்கள் வந்திருக்கின்றன. உயிர்காப்பாளர் இருப்பதன் மதிப்புக்கு ஒரு பழைய சம்பவம் சாட்சி. போண்டியில் 1938 பிப்ரவரி 6 அன்று, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், அடுத்தடுத்து வந்த அலைகள் ஒரே நேரத்தில் 200 பேருக்கு மேற்பட்டவர்களை உள்ளே இழுத்தன. அன்று கரையில் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் ஏராளமாக இருந்தார்கள். இறந்தவர்கள் ஐந்து பேர் மட்டுமே.

● சொறி மீன் கொட்டினால் வினிகர் ஊற்று என்பார்கள். பெட்டி வடிவச் சொறி மீனுக்கு அது சரி. மழைக்காலத்தில் மும்பை ஜுஹுவில் ஒதுங்குகிற நீல பாட்டில் வகைக்கு ஆஸ்திரேலிய மருத்துவர்கள் வினிகர் வேண்டாம் என்கிறார்கள். கடல் தண்ணீரால் கழுவி, பொறுக்கக்கூடிய சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைக்கச் சொல்கிறார்கள். கரையில் செத்துக் கிடந்தாலும் அதன் நூல் கொட்டும். நீல பலூன் என்று குழந்தைகள் எடுத்துவிடுவார்கள், ஜாக்கிரதை.

● 2019 நவம்பர் கடைசியில் மெரினா கரை நெடுக வெண்ணுரை மலைபோல் ஒதுங்கியது, நினைவிருக்கிறதா? குழந்தைகளை அதில் உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள். பனிப் பிரதேசத்துக்குப் போன சந்தோஷம் அந்த முகங்களில். மழைக்குப் பிறகு ஆறுகள் கொண்டுவந்த சுத்திகரிக்காத கழிவும், சலவைத் தூளின் பாஸ்பேட்டும் அலையில் கடையப்பட்டதால் வந்த நுரை என்று விஞ்ஞானிகள் சொன்னார்கள். தொடாதீர்கள் என்று காவலர்கள் கேட்டுக்கொண்டும் கூட்டம் குறையவில்லை.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஓர் இரவு, பெசன்ட் நகர், திருவான்மியூர் அலைகள் நீலமாக ஒளிர்ந்தன. நாக்டிலூகா என்ற நுண்ணுயிரின் வெளிச்சம் அது. பார்க்க அத்தனை அழகு. கழிவு சேர்ந்து சத்து மிகுந்த, ஆக்சிஜன் குறைந்த கடலில் இந்த உயிர் பெருகும் என்பதும் உண்மை.

● சுவையான பழைய செய்தி ஒன்று. பூம்புகார் மக்கள் கடலாடிய பிறகு, உப்பு அழுக்குப் போக நல்ல தண்ணீரிலும் குளித்தார்கள் என்று பட்டினப்பாலை சொல்கிறது. சிலப்பதிகாரத்தில் ‘கடலாடு காதை’ என்றே ஒரு பகுதி உண்டு. மாசி மகத்துக்கு நாம் கடலில் இறங்குவது அந்தத் தொடர்ச்சிதான். கடலில் குளித்ததும் சோப்புப் போட்டு நல்ல தண்ணீரில் குளியுங்கள் என்பதுதான் இன்றைய சுகாதாரத் துறைகளின் அறிவுரையும்.

● தென்னாப்பிரிக்காவின் டர்பன், கரும்புத் தோட்டத்துக்குப் போன நம் முன்னோர் இறங்கிய துறைமுகம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் அங்கே சாக்கடைக் குழாய்களும் சுத்திகரிப்பு நிலையங்களும் உடைந்தன. நகரத்துக் கடற்கரைகள் பல மாதங்கள் மூடப்பட்டுக் கிடந்தன.

● சிங்கப்பூரில் 2024 ஜூன் 14 அன்று, கட்டுப்பாடு இழந்த மணல் அள்ளும் கப்பல் ஒன்று நின்றிருந்த எரிபொருள் கப்பலில் மோதிச் சுமார் 400 டன் எண்ணெய் கொட்டியது. செந்தோசாவிலும் ஈஸ்ட் கோஸ்ட்டிலும் குளிக்கத் தடை. மணல் திறந்திருக்கிறதா, தண்ணீர் திறந்திருக்கிறதா என்று தனித்தனியே அறிவித்தார்கள்.

● ஹாங்காங்கில் 1906ல் தொடங்கியது துறைமுகத்தைக் குறுக்காக நீந்திக் கடக்கும் போட்டி. தண்ணீர் நாறிப்போனதால் 1978க்குப் பிறகு நிறுத்திவிட்டார்கள். நகரத்துக் கழிவைச் சுரங்கக் குழாய்களில் ஸ்டோன்கட்டர்ஸ் தீவுக்குக் கொண்டுபோய்ச் சுத்திகரிக்கும் பெரும் திட்டம் வந்தது. 2011ல் போட்டி மறுபடி நடந்தது. பிள்ளையாக இருந்தபோது கரையில் நின்று பார்த்தவர்கள், நரைத்த தலையோடு அந்த நீரில் இறங்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

● சென்னையை அடுத்த கோவளம் 2021ல் நீலக்கொடி பெற்றது. டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட அமைப்பு தருகிற சான்றிதழ் இது. 33 நிபந்தனைகள். நூறு மில்லிக்கு ஈ.கோலை 250, என்டெரோகாக்கஸ் 100 என்பது வரம்பு. ஒருமுறை வாங்கிவிட்டால் போதாது, ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். நீர்ப் பரிசோதனை முடிவைக் கடற்கரையிலேயே பலகையில் காட்ட வேண்டும் என்பதும் நிபந்தனைகளில் ஒன்று. அடுத்த முறை அங்கே போனால், செருப்பைக் கழற்றும் முன் அந்தப் பலகை எங்கே என்று கேளுங்கள். எண்ணைப் பாருங்கள். பக்கத்தில் தேதி இருக்கும், அது எத்தனை நாள் பழையது என்றும் பாருங்கள்.